தோமாவின் எட்டு நாள்



தோமையாருக்கு நாம் ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறோம்: சந்தேகத் தோமா. மறைக்கல்வி வகுப்பிலேயே பிள்ளைகளுக்கு அது பழகிவிடுகிறது. வீட்டில் யாராவது ஒன்றை நம்பாமல் இரண்டாம் முறை கேட்டால், "நீ என்ன சந்தேகத் தோமாவா?" என்கிறோம். கி.பி. 52இல் கொடுங்கல்லூரில் வந்து இறங்கி, 72இல் நம் பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டு, மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டவர் என்று நம் மரபு அவரைக் கொண்டாடுகிறது. பருத்திப்பட்டிலிருந்து புறப்பட்டால் ஒன்றரை மணி நேரத்தில் அவர் கல்லறைக்கு முன்னால் போய் முழந்தாளிடலாம். அவ்வளவு பக்கத்தில் இருப்பவரை ஒரே ஒரு நாளில் சொன்ன ஒரே ஒரு பேச்சை வைத்து இரண்டாயிரம் ஆண்டாக எடைபோட்டுக்கொண்டிருக்கிறோம்.

யோவான் நற்செய்தியில் தோமா வாய் திறக்கும் மற்ற இடங்களையும் சேர்த்து வாசியுங்கள். பதினோராம் அதிகாரத்தில், லாசர் இறந்துபோன செய்தி வருகிறது. யூதேயாவுக்குத் திரும்பிப் போவது ஆபத்து. அங்கேதான் இயேசுவைக் கல்லால் எறியப் பார்த்தார்கள். மற்றச் சீடர்கள் தயங்குகிறார்கள். அப்போது தோமாதான், நாமும் போவோம், போய் அவரோடு சாவோம் என்கிறார். பேதுருகூட அந்த இடத்தில் அப்படிப் பேசவில்லை. அடுத்து பதினான்காம் அதிகாரம், இராவுணவு. ஆண்டவர் தாம் போகும் இடத்தைப் பற்றிப் பேசுகிறார். எல்லாரும் புரிந்ததுபோல் உட்கார்ந்திருக்க, நீர் எங்கே போகிறீர் என்றே எங்களுக்குத் தெரியவில்லையே, வழி எப்படித் தெரியும் என்று கேட்டவர் தோமா. உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இருக்கத் தெரியாத மனிதர்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. அவரோடு சாவோம் என்று சொன்னவர் எங்கே? சிலுவையடியில் பெண்கள் இருக்கிறார்கள், அன்புச் சீடர் இருக்கிறார். தோமாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. மற்றவர்களைப்போல் அவரும் ஓடிப்போனார். ஞாயிறு மாலை, பயத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு மற்ற எல்லாரும் ஓர் அறையில் கூடியிருக்கிறார்கள். அங்கேயும் அவர் இல்லை. ஏன் இல்லை என்று யோவான் எழுதவில்லை. என் மனத்துக்குப் படுவதைச் சொல்கிறேன். தன் வாக்கைத் தானே காப்பாற்ற முடியாமல் போனவர், அதைக் கேட்டிருந்தவர்களின் முகத்தைப் பார்க்கக் கூசியிருப்பார். துக்கம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்தால் மனிதர் தனியாகப் போய்விடுவார்.

பிறகு வந்தவரிடம், உயிர்த்த ஆண்டவரைக் கண்டோம் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். அதைத் தான் நம்ப என்னென்ன வேண்டும் என்று தோமா சொல்கிறார். ஆண்டவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கலாம். குரலைக் கேட்க வேண்டும் என்றிருக்கலாம். அவர் கேட்பதெல்லாம் ஆணி பாய்ந்த தழும்பும் ஈட்டி பாய்ந்த விலாவும்தான். அந்த வெள்ளிக்கிழமையை விட்டு அவர் மனம் ஓர் அடி நகரவில்லை. நாம் சந்தேகம் என்று பெயர் வைத்தது, ஒரு மனிதருடைய ஆறாத காயம் பேசிய பேச்சு.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம், நம் வீடுகளிலும் இப்படித்தான் நடக்கிறது. காயத்துக்கு வேறு பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லித் திட்டுகிறோம். டேங்க் ஃபேக்டரியில் முப்பது வருடம் உழைத்து ஓய்வுபெற்ற தகப்பன், சோறு கொஞ்சம் குழைந்தால் தட்டைத் தள்ளிவிடுகிறார். கோபக்காரர் என்கிறோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒப்பந்த வேலைக்குப் போய் இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் பையன் வீட்டில் யாரோடும் பேசுவதில்லை. திமிர் என்கிறோம். ஒரு பெண் எதற்கெடுத்தாலும் தலைவலி என்று படுத்துக்கொள்கிறாள். சோம்பேறி என்கிறோம். டாஸ்மாக் வாசலில் நிற்பவரை ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்தத் தட்டைத் தள்ளிய தகப்பனுக்குப் பத்து வயதில் என்ன நடந்தது என்று அவர் மனைவிக்கே தெரியாமல் இருக்கலாம். அவருக்கே மறந்திருக்கலாம். கைக்கு மட்டும் ஞாபகம் இருக்கிறது.

பருத்திப்பட்டில் இதை மறைப்பது இன்னும் எளிது. நம்மில் பாதிக்கு மேல் வேறு ஊர்களிலிருந்து வேலைக்காக வந்தவர்கள். சொந்த ஊரில் பாட்டிக்கும் அத்தைக்கும் நம் முகத்தைப் பார்த்தே எல்லாம் தெரிந்துவிடும். இங்கே பக்கத்து வீட்டாருக்கு நம் பெயர்கூடத் தெரியாது. கேட்டால், "நல்லா இருக்கோம், ஆண்டவர் புண்ணியத்துல" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். வெளியே போகாத விஷயம் உள்ளேயே தங்கிவிடுகிறது.

நம் ஏரியையே பாருங்கள். இன்று காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறவர்களுக்குப் பறவைகளும் பாதையும் படகும் தெரியும். பழைய ஆட்களுக்கு அந்த ஏரியின் நாற்றமும் தெரியும். ஆவடிப் பக்கத்துக் கழிவுநீர் ஆண்டுக்கணக்கில் அதற்குள் வந்து சேர்ந்தது. மேலே ஆகாயத்தாமரை பச்சையாகப் படர்ந்திருந்தால் தூரத்திலிருந்து பார்க்க அழகாகக்கூட இருக்கும். 2019இல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்களே, அதற்கு முன்னால் கழிவு எங்கே நுழைகிறது என்று பார்த்து அந்த வழியைக் கவனிக்க வேண்டியிருந்தது. அதைச் செய்யாமல் கரையில் பெஞ்சு போட்டிருந்தால் யாரும் வந்து உட்கார்ந்திருக்கமாட்டார்கள்.

சகோதரர்களே, சகோதரிகளே, நம் எல்லாருக்கும் பொதுவான ஒரு காயத்தைச் சொல்கிறேன். 2020, 2021. இங்கே அமர்ந்திருப்பவர்களில் எத்தனையோ பேர் அந்த இரண்டு ஆண்டுகளில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள். முகத்தைப் பார்க்க விடவில்லை. நெற்றியில் முத்தமிட முடியவில்லை. பிளாஸ்டிக் உறையில் கட்டி, கவச உடை அணிந்த யாரோ தூக்கிப்போனார்கள்.

2020 ஏப்ரலில் நம் அம்பத்தூர் மயானத்திலேயே ஒரு மருத்துவரின் உடலுக்கு எதிர்ப்பு எழுந்தது. அதே மாதம் 19ஆம் தேதி, நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். நோயாளிகளைக் காப்பாற்றிய கைகள் அவருடையவை. அவர் உடலைக் கொண்டு போன ஆம்புலன்சைக் கும்பல் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. கடைசியில் நள்ளிரவில், அவரோடு பணியாற்றிய மருத்துவர் பிரதீப் குமார் மண்வெட்டியால் மண்ணைத் தள்ளி, அண்ணாநகர் வேலங்காட்டில் அவரை அடக்கம் செய்தார். குடும்பத்தார் அருகில் இருக்க முடியவில்லை. கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது கணவரின் கடைசி ஆசை என்று அவர் மனைவி முதலமைச்சருக்குக் காணொலியில் மன்றாடினார். பிறகு உயர் நீதிமன்றம் வரை போனார்.

அந்த நேரத்தில், "போனவர் போய்விட்டார், மண்ணில் எங்கே இருந்தால் என்ன?" என்று கேட்டவர்கள் உண்டு. அது கேட்கக்கூடாத கேள்வி. அந்தச் சகோதரிக்குத் தன் காயம் எது என்று தெரிந்திருந்தது. அதற்குப் பெயர் சொன்னார். அதற்கு என்ன வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். தோமா செய்ததும் அதேதான். நம்மில் பலர் அதைச் செய்யவில்லை. முப்பதாம் நாள் பூசை வைத்தோம், அடுத்த வாரம் வேலைக்குப் போனோம், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, கடன் தவணை என்று ஓடினோம். அழ வேண்டிய அழுகை அப்படியே நிற்கிறது. சம்பந்தமே இல்லாத ஒரு நாளில், ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்போது கை நடுங்கினால், அதை உங்கள் பலவீனம் என்று நினைக்காதீர்கள்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பாவம் வேறு, காயம் வேறு. நான் செய்தது பாவம். அதற்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது, மன்னிப்பு இருக்கிறது. எனக்குச் செய்யப்பட்டது காயம். அதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. சின்ன வயதில் உறவினராலோ, ஆசிரியராலோ, திருச்சபையின் பணியாளர் ஒருவராலோ தொடக்கூடாத விதத்தில் தொடப்பட்ட பிள்ளை, வளர்ந்து நாற்பது வயதாகியும் அதைத் தன் பாவமாக நினைத்து மறுகிக்கொண்டிருக்கலாம். இந்தப் பீடத்திலிருந்து சொல்கிறேன்: அது உங்கள் பாவம் இல்லை. அந்த நாளில் இல்லை, இன்றும் இல்லை. திருச்சபைக்குள்ளேயே இப்படிக் காயப்பட்டவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் முறையிடுவதற்கான வழிகளை ஒவ்வொரு மறைமாவட்டமும் ஏற்படுத்த வேண்டும் என்று சட்டமாகவே எழுதினார். இன்றைக்குப் பிள்ளைகளுக்கு இது நடந்தால் 1098 என்ற எண் இருக்கிறது, போக்சோ சட்டம் இருக்கிறது. மானம் போய்விடும் என்று மூடி வைப்பது அந்தப் பிள்ளையை இரண்டாம் முறை காயப்படுத்துவது.

மன்னிப்பைப் பற்றியும் இதே இடத்தில் ஒரு வார்த்தை. அடி வாங்கிய பெண்ணிடம், வீக்கம் வடிவதற்கு முன்பே, "மன்னிச்சு விட்டுடும்மா, கிறிஸ்தவங்க நாம" என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. குருக்களும் சொல்லியிருக்கிறோம். உயிர்த்த ஆண்டவர் பூட்டிய அறைக்குள் வந்து சமாதானம் சொன்ன கையோடு என்ன செய்தார்? கைகளையும் விலாவையும் காட்டினார். காயத்தைப் பார்க்காமல் சமாதானம் பேசவில்லை. அந்தப் பெண்ணுக்கு முதலில் அடிபடாத ஓர் இடம் வேண்டும். 181 என்ற உதவி எண் அதற்குத்தான். மன்னிப்பு அவளுக்கும் ஆண்டவருக்கும் உரிய விஷயம், அதற்கு உரிய காலத்தில் வரும். நாம் நாள் குறிக்க முடியாது.

சரி, உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பது? ஜூலை 31ஆம் தேதி நாம் திருநாள் கொண்டாடும் புனித இஞ்ஞாசியார் இருக்கிறார். அவரிடம் கேட்போம். 1521 மே மாதம், பம்பலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலை நொறுக்கியது. எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. மறுபடி உடைத்துச் சேர்த்தார்கள். அப்போதும் முழங்காலுக்குக் கீழே எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. போர்வீரனின் இறுக்கமான காலணியைப் போட முடியாதே என்பதற்காக, மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்தில், அந்த எலும்பை அறுத்தெடுக்கச் சொன்னார். வெளித்தோற்றத்துக்காக அவ்வளவு வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்த மனிதர், தன் உள்ளே எட்டிப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

மாதக்கணக்கில் படுக்கை. வீரசாகசக் கதைப் புத்தகம் கேட்டார், வீட்டில் கிடைக்கவில்லை. ஆண்டவரின் வாழ்க்கையும் புனிதர்களின் வரலாறும்தான் இருந்தன. பொழுது போகாமல் அவற்றைப் படித்தார், பழைய கனவுகளையும் கண்டார். ஒரு நாள் ஒன்றைக் கவனித்தார். அரண்மனை, வீரம், பெரிய இடத்துப் பெண் என்று கனவு காணும்போது இனிக்கிறது, முடிந்த பிறகு மனம் வறண்டுபோகிறது. புனிதர்களைப்போல் வாழ்வதை நினைக்கும்போதும் இனிக்கிறது, முடிந்த பிறகும் அந்த மகிழ்ச்சி தங்குகிறது. இவ்வளவுதான் அவர் கண்டுபிடித்தது. ஒன்று நடந்து முடிந்த பிறகு மனத்தில் எது மிஞ்சுகிறது என்று பார்ப்பது. அதிலிருந்துதான் அவருடைய ஆன்மிகப் பயிற்சிகள் பிறந்தன, அதில் உள்ள அன்றாட ஆன்ம ஆய்வும் பிறந்தது. கால் கடைசிவரை சரியாகவில்லை. சாகும்வரை நொண்டித்தான் நடந்தார்.

அந்த ஆய்வை நம் வீட்டுக்கு ஏற்றபடி சொல்கிறேன். இரவு டிவியை அணைத்த பிறகு, செல்போனைக் கையில் எடுப்பதற்கு முன்னால், பத்து நிமிடம். முதலில் அன்று கிடைத்த நல்லது ஒன்றுக்கு நன்றி சொல்லுங்கள். குழாயில் தண்ணீர் வந்ததாக இருந்தாலும் சரி. பிறகு காலையிலிருந்து மெதுவாக நடந்து வாருங்கள். பூந்தமல்லி சாலை நெரிசல், மேலாளர் சொன்ன சொல், மாமியார் பார்த்த பார்வை. எங்கே நெஞ்சு சூடானது? எங்கே தொண்டை அடைத்தது? அங்கே நில்லுங்கள். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று அடுத்தவருடைய வழக்கை எடுத்து நடத்த வேண்டாம். ஆண்டவர் பக்கத்தில் இருக்க, உங்களை நீங்களே ஒன்று மட்டும் கேளுங்கள்: இந்த வலிக்கு எத்தனை வயது?

பெரும்பாலும் அது இன்றைய வலியாக இருக்காது. மேலாளர் எல்லாருக்கும் முன்னால் கத்தியபோது கூனிப்போனது, அவருக்கு முன்னால் நின்ற நாற்பத்தைந்து வயது ஆள் இல்லை. கணக்குத் தப்பாகப் போட்டு வகுப்புக்கு வெளியே முட்டி போட்ட ஒன்பது வயதுப் பையன். அந்தப் பையனை ஆண்டவரிடம் அழைத்துப் போங்கள். அழகான செபம் தேவையில்லை. உங்களுக்கு வரும் தமிழில் பேசுங்கள். கோபம் வந்தால் கோபத்தையே சொல்லுங்கள். திருப்பாடல்களில் எத்தனையோ பாட்டு கடவுளிடம் சண்டை போடுகிறது, திருச்சபை அதை நீக்கிவிடவில்லை. அன்றைக்கு எதுவும் தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். தோமாவுக்கே எட்டு நாள் ஆனது.

எல்லாக் காயத்தையும் தனியாகத் திறக்க முடியாது. சிலவற்றைத் திறந்தால் தூக்கம் போய்விடும், பழைய சம்பவம் கண்முன்னே ஓடும், செத்துவிடலாம் என்று தோன்றும். அப்படியானால் அங்கேயே நிறுத்துங்கள், தெரிந்தவரின் கையைப் பிடியுங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சிநேகா தற்கொலைத் தடுப்பு மையம் இன்றும் இயங்குகிறது. மன ஆலோசகரிடம் போவதும், மருத்துவர் தந்த மாத்திரையைச் சாப்பிடுவதும் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று அவரைக் கேளுங்கள். எண்ணெய் பூசி செபிக்கும் கூட்டத்துக்கு மட்டும் அழைத்துப்போய், மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர்களிடம் உங்கள் பிள்ளையை விடாதீர்கள்.

இங்கே இருக்கும் குடும்பங்களில் ஒருவரைத் தற்கொலையில் இழந்தவர்கள் இருந்தால், உங்களுக்காகவும் பேசுகிறேன். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அப்படி இறந்தவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுத்தது. அதனால் எத்தனை தாய்மார்கள் குனிந்த தலையோடு வாழ்ந்து முடித்தார்கள். 1983இன் புதிய சட்டத்தில் அந்தத் தடை இல்லை. அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலே சொல்கிறது. நாட்டின் சட்டமும் மாறியிருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதச் சொல்கிறது, குற்றவாளியாக இல்லை. உங்கள் மகனுடைய பெயரை, உங்கள் தங்கையின் பெயரை, ஆன்மாக்களுக்கான மன்றாட்டில் சத்தமாகச் சொல்லலாம். காரணத்தை மறைத்து, "நெஞ்சு வலி வந்து இறந்துட்டாங்க" என்று எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

கடைசியாக, அந்த அறையில் இருந்த மற்றச் சீடர்களைப் பாருங்கள். அவர்களைப் பற்றி யாரும் மறையுரையில் பேசுவதில்லை. ஆண்டவரைக் கண்டோம் என்று அவர்கள் சொன்னார்கள். தோமா முகத்துக்கு நேரே மறுத்தார். அவர்களுடைய பெரிய மகிழ்ச்சியின்மேல் தண்ணீர் ஊற்றினார். எட்டு நாள் கழித்து வாசிக்கிறோம், தோமா அவர்களோடு இருக்கிறார்! யாரோ அவரை அழைத்து வந்திருக்க வேண்டும். யாரோ அவருக்குச் சோறு வைத்திருக்க வேண்டும். விசுவாசம் இல்லாதவன் என்று வெளியே நிறுத்தவில்லை, நம்பியே ஆக வேண்டும் என்று நச்சரித்ததாகவும் எழுதப்படவில்லை. அவர்கள் அவரை அறைக்குள் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அதனால்தான் ஆண்டவர் வந்தபோது அவர் அங்கே இருந்தார்.

அப்புறம் பாருங்கள், ஆண்டவர் தாமாகவே தோமாவிடம் திரும்புகிறார். யாரும் அவரிடம் புகார் சொல்லவில்லை. தோமா என்ன கேட்டாரோ அதே வரிசையில், விரல், கை, விலா என்று எடுத்துக் கொடுக்கிறார். அந்த எட்டு நாளும் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார். ஓவியர்கள் தோமாவின் விரலைக் காயத்துக்குள் வைத்தே வரைந்தார்கள். யோவான் அப்படி எழுதவில்லை. தொட்டாரா இல்லையா என்று நற்செய்தி சொல்லாமல் விட்டுவிடுகிறது. மரணத்தை வென்ற உடலிலும் தழும்பு இருக்கிறது, அதை அவர் மறைக்கவில்லை என்று கண்டதும், ஆண்டவரே, கடவுளே என்று தோமா முழுமனதாக அறிக்கையிட்டார். அந்த நற்செய்தியில் அதைவிட உயர்ந்த அறிக்கை வேறு எந்தச் சீடர் வாயிலும் இல்லை.

ஒவ்வோர் அன்பியத்திலும் கூட்டத்துக்கு வராமல் நின்றுபோன ஒரு வீடு இருக்கிறது. எந்த வீடு என்று உங்களுக்கு இப்போதே தெரியும். இந்த வாரம் இரண்டு பேர் மட்டும் அங்கே போங்கள். கோவிலுக்கு ஏன் வருவதில்லை என்று கேட்காதீர்கள். செபமாலையும் வரிச் சீட்டும் கையில் வேண்டாம். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு, "நல்லா இருக்கோம்" என்ற முதல் பதில் வந்த பிறகும் உட்கார்ந்திருங்கள். காப்பி கொடுத்தால் குடியுங்கள். அவர்கள் அழுதால், அழாதீங்க என்று சொல்லாதீர்கள். கேட்டதை வெளியே யாரிடமும், என்னிடமும்கூட, அவர்களைக் கேட்காமல் சொல்லாதீர்கள். திருப்பலி முடிந்ததும் நான் மேடைக்குப் பக்கத்து அறையில் இருப்பேன்; பாவசங்கீர்த்தனத்துக்குத்தான் வர வேண்டும் என்றில்லை, பேச வேண்டும் என்றாலும் வரலாம், பேசாமல் உட்கார்ந்திருக்கவும் வரலாம்.

இப்போது எழுந்து நின்று நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம்.